கூப்பிட்டால் திரும்பாத குட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு புது விருந்தாளி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இராஜபாளையத்தில் வாங்கி வந்த நாய்க்குட்டி. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த நம்ம ஊர் இனம் ஆயிற்றே! ஆனால் "வீரா, வீரா" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பாது. "திமிர் பிடிச்ச குட்டி" என்று அடியும் வாங்கியது. ஒருநாள் அதன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. தரையில் ஓங்கி மிதித்தேன். அதிர்வு பட்டதும் சட்டெனத் திரும்பியது. பாவம், அதற்குக் காது கேட்கவில்லை!

இந்த இனத்தில் சில குட்டிகள் இப்படிப் பிறப்பதுண்டு. வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? நீலக் கண் உள்ள வெள்ளைப் பூனைகளுக்குப் பெரும்பாலும் காது கேட்பதில்லை என்று சார்லஸ் டார்வினே எழுதியிருக்கிறார். ஏன் என்பது அவருக்குத் தெரியாது.

விடை நம் உடம்பிலேயே இருக்கிறது. மனிதனின் மூன்றாவது குரோமோசோமில் எம்.ஐ.டி.எஃப். என்றொரு மரபணு உண்டு. மரபணு என்றால் புரதம் செய்வதற்கான குறிப்பு. இந்த மரபணு தரும் புரதம் ஒரு மேஸ்திரி மாதிரி. தானே சுவர் கட்டாது, டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு, நிறமி தயாரிக்கும் மற்ற மரபணுக்களை வேலை வாங்கும். அந்த மரபணுக்களில் உள்ள குறிப்பைச் செல் படியெடுக்கத் தூண்டுவதால் இதற்குப் 'படியெடுத்தல் காரணி' என்று பெயர். (பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்!)

கரு வளரும்போது முதுகுப் பக்கம் தோன்றும் சில செல்கள் உடம்பெங்கும் பயணம் போகின்றன. மேஸ்திரியின் பேச்சைக் கேட்டுத்தான் அவை நிறமிச் செல்களாகின்றன. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருபவை இவையே. கொஞ்சம் செல்கள் காதுக்குள்ளும் போகின்றன. இருட்டுக் காதுக்குள் நிறம் எதற்கு? அங்கே அவற்றுக்கு வேறு வேலை. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கிறதே காக்லியா, அதற்குள் உள்ள திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான். ஒலியை மின்துடிப்பாக மாற்ற அந்தப் பொட்டாசியம் வேண்டும். நிறமிச் செல்கள் வந்து சேராத காது, பேட்டரி போடாத ரேடியோ!

பாக்ஸர் போன்ற நாய்களின் வெண்மைக்கும் இதே மரபணுதான் காரணம் என்று 2007இல் கண்டார்கள்.

மனிதரில் நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை முடி, நீலக் கண், காது கேளாமை என்று சிலருக்குச் சேர்ந்தே வருவதை, நெதர்லாந்து கண் மருத்துவர் வார்டன்பர்க் 1951இல் விவரித்தார். அதில் ஒரு வகைக்கு எம்.ஐ.டி.எஃப். பழுதே காரணம் என்பது 1994இல் தெரிந்தது. தாய், தந்தை தரும் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதுமாம்.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில், முன்நெற்றியில் வெள்ளை முடியோடு ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டான். அவனை எத்தனையோ நாள் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அவனுக்குக் காது கேட்கிறதா என்று ஒருநாள்கூட நான் சோதித்துப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பிறந்த குழந்தைக்கே கருவி வைத்துப் பார்த்துவிடுகிறார்கள்.

வீராவை இப்போது யாரும் அடிப்பதில்லை. கையைத் தாழ்த்தினால் உட்கார்கிறது, இரண்டு கையையும் விரித்தால் ஓடி வருகிறது. தெருப் பிள்ளைகள் கற்றுக்கொடுத்தது!