விதையில் தங்காத சுவை

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் வட்டாரத்தில் சவுத்வெல் என்றொரு சிற்றூர் உள்ளது. 1809ஆம் ஆண்டில் அங்கு மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி சில ஆப்பிள் விதைகளை நட்டாள். அவற்றுள் ஒன்று மரமாயிற்று. பின்னாளில் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற இறைச்சி வியாபாரி வாங்கினார். 1856இல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் அம்மரத்தின் குச்சிகளை வெட்டிச் சென்று கன்றுகள் உருவாக்க அனுமதி கேட்டார். பழத்திற்குத் தம் பெயரையே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பிராம்லி இணங்கினார். விதையிட்டவளின் பெயர் பழத்தில் இடம்பெறவில்லை! பிரிட்டனில் இன்றும் சமையலுக்குப் பெயர்பெற்ற புளிப்பு ஆப்பிள் பிராம்லிதான்.

மெரிவெதர் விதைகளைக் கேட்காமல் குச்சிகளைக் கேட்டது ஏன்? ஆப்பிள் மலர்கள் பெரும்பாலும் வேறு வகை ஆப்பிளின் மகரந்தத்தால்தான் கருவுறுகின்றன. ஆகவே, ஒரே பழத்தின் ஐந்து விதைகளை நட்டால் ஐந்தும் வெவ்வேறு மரங்களாக வளரும். தாய்மரத்துப் பழத்தின் சுவை எதிலும் அப்படியே அமையாது. மலேசியாவில் பெயர்பெற்ற டுரியான் வகைகளை ஒட்டுக்கன்றுகளாக வளர்ப்பதும் இதனால்தான். பழைய ஆப்பிள் வகை ஒன்றை யாரும் ஒட்டுக்கட்டாமல் விட்டால், கடைசி மரத்தோடு அவ்வகையும் மறைந்துவிடும்.

குளிர்காலத்தில் மரம் இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும்போது, பென்சில் பருமனுள்ள ஓராண்டுக் குச்சிகளை வெட்டிக் குளிர்ச்சியான இடத்தில் ஈரம் காயாமல் வைப்பர். குளிர்காலம் முடியும் தறுவாயில், வேரோடு கூடிய வேறோர் ஆப்பிள் கன்றின் தண்டைச் சாய்வாகச் சீவுவர். குச்சியையும் அவ்வாறே சீவி, இரண்டையும் பொருத்தி இறுகக் கட்டுவர். பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய பச்சைப் படலங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். இல்லையேல் ஒட்டுப் பிடிக்காது. ஈரம் உலராதிருக்க மேலே மெழுகு பூசுவர்.

மரத்தின் உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அடிக்கன்றே. கென்ட் வட்டாரத்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் வகைப்படுத்திய ‘எம்9’ என்ற அடிக்கன்றில் ஒட்டிய மரம் பொதுவாக 2 முதல் 3 மீட்டர் வரையே வளரும். சிறிய வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். ஆனால், வேர் வலுவற்றது என்பதால் எப்போதும் முட்டுக்கோல் தேவை. ஒட்டுப்போட்ட இடத்தை மண்ணில் புதைக்கவும் கூடாது. புதைத்தால் மேல்தண்டே வேர்விட்டு, குட்டை மரம் பெருமரமாகிவிடும்.

பிராம்லியை வளர்ப்பவர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் மகரந்தம் பிற மரங்களுக்குப் பயன்படாது. எனவே, அதே பருவத்தில் பூக்கும் வேறு இரு வகை மரங்கள் அருகில் இருந்தால்தான் மூன்றும் நன்கு காய்க்கும். அண்டை வீட்டு மரமானாலும் சரி, தேனீக்களுக்கு வேலி ஒரு தடையில்லை.

சவுத்வெல் தாய்மரம் 1900இல் புயலில் சாய்ந்தது. சாய்ந்த நிலையிலேயே மீண்டும் துளிர்த்துப் பல்லாண்டுகள் காய்த்தது. பின்னர், வேரை அழுகச் செய்யும் பூஞ்சை அதைத் தாக்கியது. அதனைக் குணப்படுத்த மருந்தில்லை. 1990களில் நாட்டிங்காம் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் அம்மரத்தின் திசுக்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் புதிய கன்றுகளை வளர்த்தெடுத்தனர்.