ரேணிகுண்டாவில் டிவி தயார். சித்தூரில் உதிரிப் பாகம் இல்லை

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரின் பெரிய செல்போன் ஆலை மூடப்பட்டபோது, இனி இந்தப் பக்கம் செல்போன் தொழில் தலையெடுக்காது என்று பேசியவர்கள் பலர். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2015 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் மேடை போட்டு ஒரு சீன பிராண்ட் போனை வெளியிட்டார்கள். அதை அசெம்பிள் செய்தது தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில், தைவானைச் சேர்ந்த ஒப்பந்த நிறுவனம். அடுத்தடுத்து ரேணிகுண்டா விமான நிலையத்தை ஒட்டியும் ஏர்ப்பேடு பக்கமும் எலெக்ட்ரானிக்ஸ் தொகுப்புப் பூங்காக்கள் எழுந்தன. எல்இடி டிவி, டிஸ்ப்ளே, சார்ஜர் கேபிள் என்று வரிசையாக வந்தன. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தபோது இவை சித்தூரை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. பெயர் எதுவானாலும் வேலைக்குப் போகிறவர்களும் பொருளை வாங்குகிறவர்களும் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் மூன்று சொற்கள் கண்ணில் படும்: புதுமை, வளர்ச்சி, வாடிக்கையாளருக்கான மதிப்பு. முதலிரண்டைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

வளர்ச்சியில் குறை சொல்ல இடமில்லை. சென்னை, எண்ணூர், கிருஷ்ணப்பட்டினம் என மூன்று துறைமுகங்கள் கைக்கெட்டும் தூரத்தில். ஷிப்ட் பஸ் ஏறி வர சுற்றுவட்டாரக் கிராமங்களில் படித்த பெண்கள். மத்திய அரசின் ஊக்கத்தொகையோ ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது: 2020-இல் செல்போனுக்கு, 2021-இல் ஏசிக்கும் எல்இடி விளக்குக்கும் சேர்த்து 6,238 கோடி ரூபாய், 2025-இல் உதிரிப் பாக உற்பத்திக்கு 22,919 கோடி. ஜப்பானிய நிறுவனம் ஒன்று 2023 இறுதியில் ஸ்ரீசிட்டியில் ஏசி உற்பத்தியைத் தொடங்கியது. 2025 மே மாதம் கொரிய நிறுவனம் ஒன்று 5,001 கோடி ரூபாய் திட்டத்துக்கு அங்கேயே அடிக்கல் நாட்டியது. இன்று இந்தியாவில் விற்கும் செல்போன்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தியாவில் அசெம்பிள் ஆனவை. பத்து வருடத்துக்கு முன்பு இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

புதுமை என்றால் நிலைமை வேறு. டிவியின் விலையில் பெரும்பங்கை விழுங்குவது பேனல். அதன் கண்ணாடிச் செல் இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது. சர்க்யூட் வடிவமைப்பும் வெளிநாட்டில்தான். ஏர்ப்பேட்டிலேயே ஐஐடி இருக்கிறது, 2015-இல் தொடங்கியது. பூங்காவுக்கும் அதற்கும் இடையே போக்குவரத்து கூடினால் நல்லது. அதுவரை இங்கே நடப்பதை நேர்த்தியான அசெம்பிளி என்று சொல்லலாம்; புதுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன். அதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. 1985-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு பொறியாளர் திருப்பதிக்குப் பக்கத்தில் கரக்கம்பாடியில் தொடங்கிய பேட்டரி நிறுவனம் இருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை, பச்சைப் பெட்டி என்றால் எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். முதலில் தொழிற்சாலை, தொலைபேசி நிலையங்களுக்கான பேட்டரி. 2000-இல்தான் கார் பேட்டரிக்கு வந்தார்கள். அப்போது சந்தையில் ஏற்கெனவே பெரிய பெயர்கள் வேரூன்றியிருந்தன. இவர்கள் பிடித்துக்கொண்டது வாங்கியவரின் தினசரித் தொல்லையை. மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து, மூடிகளைத் திருகி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இனி வேண்டாம் என்றார்கள். நீண்ட வாரண்டி கொடுத்தார்கள். சிற்றூர்களிலும் தனிக் கடைகள் திறந்தார்கள். இறந்த பேட்டரியைக் கொடுத்தால் புதியதின் விலையில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு; 2001-இலேயே பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. உள்ளே இருக்கும் ஈயம் உருகி மறுபடி பேட்டரிக்கே போகிறது. விற்ற பிறகும் வாடிக்கையாளரோடு தொடர்பு அறவில்லை. பூங்காக்களில் தயாராகும் டிவிக்கும் போனுக்கும் ஏசிக்கும் இந்தப் பாடம் இன்னும் எட்டவில்லை. என் கவலை இதுதான்.

சித்தூரில் ஒரு டிவி ரிப்பேர் கடை. பத்துக்குப் பத்து அறை. சுவரோரம் செத்த டிவிகள் புத்தகம் அடுக்கியதுபோல் நிற்கின்றன. முப்பது வருடமாகத் தொழில் செய்கிற அந்த மெக்கானிக் மேஜைமேல் ஒரு 43 அங்குல செட்டைக் குப்புறக் கவிழ்த்து, பின்மூடியின் திருகுகளைக் கழற்றுகிறார். உள்ளே இருப்பது மூன்றே சமாச்சாரம்: ஒரு மதர்போர்டு, ஒரு பவர் சப்ளை, அடியில் பேனல். பிக்சர் டியூப் காலத்தில் ஒரு செட்டுக்குள் நூறு இடத்தில் கைவைக்கலாம் என்கிறார். இப்போது மீட்டர் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிடம், வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது அரை மணி நேரம்.

"பவர் போர்டுன்னா கண்டென்சர் மாத்தி நானே ஓட்டி விட்டுருவேன் சார். பேக்லைட் ஸ்ட்ரிப்பும் மாத்தலாம். பேனல்ல கோடு விழுந்துச்சுன்னா கம்பெனில புது டிவி விலையைச் சொல்றாங்க. வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலைன்னு அந்தம்மா என்கிட்ட அழறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

கவிழ்த்து வைத்த அந்த செட்டின் பின்மூடி ஸ்டிக்கரில் தயாரான இடம் அச்சாகியிருக்கிறது: திருப்பதி. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் இவருக்கு வேண்டிய போர்டு அங்கே கிடைக்காது. சென்னை ரிட்சி தெருவுக்கு ஆள் அனுப்புகிறார்; அங்கும் கிடைப்பது பெரும்பாலும் உடைந்த செட்டிலிருந்து கழற்றிய பழைய போர்டு. சுவரோரம் அடுக்கியிருக்கும் செத்த டிவிகள்தான் அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு.

ஏசியிலும் இதே கதை. இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டுக்குள் சூட்டைத் தேடிப் பல்லி போகும். போர்டில் இரண்டு முனையைத் தொட்டால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு. இது நம் ஊர் மெக்கானிக்குகள் அனைவருக்கும் தெரிந்த சங்கதி. அந்த இடுக்கை அடைக்க ஒரு சல்லடை போதும். கருகிய ஒரு பாகத்தை மட்டும் மாற்றினாலும் போதும். ஆனால் சர்க்யூட் வரைபடம் வெளியே தருவதில்லை; போர்டு முழுசாகத்தான் விற்கும். பல ஆயிரம் ரூபாய். இந்த மண்ணில் தயாராகும் பொருள் இந்த மண்ணின் பல்லியையும், வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தையும், பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்றையும் தாங்க வேண்டாமா? வாடிக்கையாளருக்கான மதிப்பு என்று அச்சடிப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கழற்றி மாட்டும் வசதியோடு செய்தால் டிவி தடிமனாகும், விலை ஏறும், மக்களே மலிவைத்தான் கேட்கிறார்கள் என்று தயாரிப்பாளர் தரப்பு சொல்கிறது. விலை கொஞ்சம் ஏறலாம். ஆனால் ஐரோப்பாவுக்குப் போகும் டிவிக்கு 2021 மார்ச் முதல் ஏழு வருடம் உதிரிப் பாகம் கிடைக்கச் செய்வது கட்டாயம். 2025 ஜூன் முதல் ஸ்மார்ட்போனுக்கும் அதே விதி. பிரான்ஸில் 2021-இலேயே டிவி, போன் மேலெல்லாம் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என ஒட்டத் தொடங்கினார்கள். அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது? இந்தியாவில் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தார்கள். பிறகு மதிப்பெண் முறைக்கும் ஒரு குழு. 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. அவை கேட்பது இத்தனை டன் மறுசுழற்சி செய்தாயா என்பதை. ஒரு செட் எத்தனை வருடம் ஓடியது என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

பழுதுபார்த்து ஓட வைப்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், பாகாலா பக்கம் காதங்கி என்ற ஊர் வரும். டோல்கேட்டால் அந்தப் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் ரேடார் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் நம் பொறியாளர்களே கட்டியது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 ஆன்டெனாக்கள், 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. முதலில் வால்வு வைத்த 32 டிரான்ஸ்மிட்டர்கள் அத்தனை ஆன்டெனாக்களுக்கும் மின்சக்தி கொடுத்தன. வால்வுகள் காலாவதியானபோது ரேடாரைத் தூக்கி எறியவில்லை. ஆன்டெனா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சிறிய செமிகண்டக்டர் மாட்யூல் பொருத்தினார்கள். ஒரு மாட்யூல் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும், மிச்சம் ஓடிக்கொண்டிருக்கும். ஆராய்ச்சிக் கருவியையும் அடித்தட்டு வீட்டு டிவியையும் ஒன்றாக வைக்க முடியாதுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் புதுமை எது என்று கேட்டால் காதங்கியைத்தான் முதலில் காட்டுவேன்.

ஆலைக்குள்ளேயும் பழுதுபார்ப்பு நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஒவ்வொரு லைனின் முடிவிலும் ரீவொர்க் மேஜை இருக்கும். டெஸ்டிங்கில் ஃபெயில் ஆன செட் அங்கே வரும். இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, வெப்பக் காற்று ஊதி, நெல்மணியில் பாதி இருக்கும் பாகத்தை இடுக்கியால் எடுத்து மாற்றுகிறார்கள். நகரியிலோ புத்தூரிலோ ஒரு ரிப்பேர் கடை வைக்க அந்தக் கைவேலை தாராளமாகப் போதும். கல்யாணம் ஆகி வேலையை விட்டதும் அந்தத் திறமைக்கு ஊரில் இடமில்லை, ஏனென்றால் உதிரிப் பாகம் ஆலைக் கதவைத் தாண்டி வெளியே வருவதில்லை.

பூங்காவுக்கு நிலமும் மின்கட்டணச் சலுகையும் கொடுக்கும் மாநில அரசு, ஒப்பந்தத்தில் வேலைவாய்ப்பு எண்ணிக்கையை எழுதி வாங்குகிறது. அதே தாளில் இன்னொரு வரியும் சேர்க்கலாம்: இங்கே தயாராகும் ஒவ்வொரு மாடலுக்கும் விற்பனை நின்ற பிறகு ஏழு வருடம் போர்டும் பேக்லைட்டும் பேனலும் நியாய விலையில் எந்த மெக்கானிக்குக்கும் விற்க வேண்டும். ரேணிகுண்டாவில் அதற்கு ஒரு கவுண்டர், திருப்பதியிலும் சித்தூரிலும் இருக்கும் ஐடிஐ மாணவர்களுக்கு ரீவொர்க் மேஜையில் ஆறு மாதப் பயிற்சி, ஏசி போர்டின் வரைபடம் தெலுங்கிலும் தமிழிலும். இதற்குப் புதிய ஆலை எதுவும் கட்ட வேண்டியதில்லை.