இந்தியாவில் இணையத் தொலைபேசி ஒழுங்குமுறை

இணையத் தொலைபேசி என்பது மனிதக் குரலை எண்ணிமத் தரவாக மாற்றி, சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, இணையத்தின் வழியே அனுப்பி உரையாடும் முறை ஆகும். இந்தியாவில் இம்முறை 2002 மார்ச் 31 வரை முற்றிலும் தடை செய்யப்பட்டிருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல் வரம்புகளுடன் அனுமதிக்கப்பட்டது. தொலைபேசி நிறுவனங்களின் வருவாய், அரசின் பாதுகாப்புக் கவலை, பயனரின் செலவு ஆகிய மூன்றும் மோதுவதால் இதற்கான விதிகள் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. இவ்விதிகள் எளிய குடும்பங்களை எவ்வாறு தொடுகின்றன என்பதற்கு எடுத்துக்காட்டாகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கந்தர்வக்கோட்டைப் பகுதி இக்கட்டுரையில் கொள்ளப்படுகிறது.

தொழில்நுட்பம்

வழமையான தொலைபேசியில் ஓர் அழைப்பு முடியும் வரை இரு முனைகளுக்கும் இடையே ஒரு தடம் முழுவதுமாக ஒதுக்கப்படுகிறது. இருவரும் பேசாமல் இருந்தாலும் அத்தடம் வேறெவருக்கும் பயன்படாது. இணையத் தொலைபேசியில் அவ்வாறு ஒதுக்கீடு இல்லை. குரல் பொதிகள் மின்னஞ்சல், படம், நிகழ்படம் ஆகியவற்றின் பொதிகளோடு கலந்தே செல்கின்றன. செலவு குறைவதற்கும் தரம் தடுமாறுவதற்கும் இதுவே காரணம்.

எண்ணிமத் தொலைபேசியில் குரல் ஒரு விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாகக் குறிக்கப்படுகிறது. எனவே ஒரு திசைக்கு 64 கிலோபிட்டு வேகம் தேவை. குரலைச் சுருக்கும் முறைகளால் இதை 8 கிலோபிட்டாகக் குறைக்கலாம். ஆயினும் அவ்வாறு சுருக்கிய 20 பைட்டுக் குரலைச் சுமக்கும் ஒவ்வொரு பொதிக்கும் 40 பைட்டு முகவரித் தலைப்பு தேவைப்படுகிறது. கடிதத்தைவிட உறை இருமடங்கு கனமானது என்று கொள்ளலாம். ஆகவே உண்மையில் ஒரு திசைக்கு 24 கிலோபிட்டு செலவாகிறது.

ஒருவர் பேசியது மற்றவர் செவியை அடைய 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. தாமதம் மிகுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவர்.

தடைக்காலம்

1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தி, தொலைபேசி ஆகியவற்றை அமைத்து நடத்தும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. அவ்வுரிமையைப் பிறர் உரிமம் பெற்றே பயன்படுத்த முடியும். 1995 ஆகத்து 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இசுரேலின் வோகல்டெக் நிறுவனம் கணினிவழிப் பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டு அழைப்புகளில் அப்போது வி.எஸ்.என்.எல். மட்டுமே இருந்தது, அதன் வருவாயின் பெரும்பகுதி அவற்றிலிருந்தே வந்தது. தன் கடையிலேயே தன் சரக்குக்குப் போட்டியாக இன்னொரு சரக்கை வைக்க எந்த வணிகரும் விரும்பமாட்டார். இணையத் தொலைபேசி தொடர்பான வலைத்தளங்களை அந்நிறுவனம் தடுத்ததும், அதனை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டதும் 1990களின் இறுதியில் நிகழ்ந்தவை. 1999 ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையும், அந்நிலையில் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்படமாட்டாது என்றே கூறியது.

2002 அனுமதியும் அதன் வரம்புகளும்

வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வெளிநாட்டு அழைப்புத் தனியுரிமை முடிவுக்கு வந்தபோது தடையும் நீங்கியது. இணையச் சேவை வழங்குநர்கள் கணினியிலிருந்து கணினிக்கும், இந்தியக் கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் அழைப்பு வழங்கலாம் என்றானது. ஆனால் இந்தியக் கணினியிலிருந்து இந்தியத் தொலைபேசிக்கு அழைக்க அனுமதி இல்லை. இதன்படி ஒருவர் கணினியிலிருந்து சிங்கப்பூரில் உள்ள தொலைபேசியை அழைக்கலாம். அடுத்த தெருவில் உள்ள தொலைபேசியை அழைக்க முடியாது. உள்நாட்டில் குரல் சேவைக்குப் பெரும் உரிமக் கட்டணம் செலுத்திய நிறுவனங்களைக் காப்பதே இதன் நோக்கம். ஊரகத் தொலைபேசிகளின் இழப்பை ஈடுசெய்ய, அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் என்ற ஒன்றும் 2003 முதல் 2008 வரை அழைப்புகளின் மீது தண்டப்பட்டது. கிராமத்துத் தொலைபேசியை வாழவைக்கும் பணம் வெளிநாட்டு அழைப்பிலிருந்தும் வந்ததால், இணையத் தொலைபேசியை எதிர்த்தோரின் வாதத்தைத் தன்னலம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

இத்தகைய கட்டணங்களைத் தவிர்க்கும் பொருட்டு, வெளிநாட்டு அழைப்புகளை இணையம் வழியே வரவழைத்து, பல சிம் அட்டைகள் பொருத்திய கருவிகளால் உள்ளூர் அழைப்புகளாக மாற்றும் சட்டவிரோத இணைப்பகங்கள் தோன்றின. துபாயிலிருந்து வரும் அழைப்பு, திரையில் ஓர் உள்ளூர் எண்ணைக் காட்டுவது இதன் அடையாளம்.

கந்தர்வக்கோட்டைப் பகுதி

கந்தர்வக்கோட்டை, தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் இணைக்கும் சாலையில் ஏறத்தாழ நடுவில் அமைந்துள்ளது. நிலக்கடலையும் முந்திரியும் விளையும் மேட்டுநிலப் பகுதி இது. மழை பொய்த்தால் வேளாண்மையும் பொய்க்கும் என்பதால், சுற்றியுள்ள மாவட்டங்களின் பிற ஊர்களைப் போலவே இங்கிருந்தும் பலர் வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றுக்கு வேலைக்குச் செல்கின்றனர். இவர்களுக்கு வெளிநாட்டு அழைப்பு என்பது வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு வரி.

1990களில் இத்தகைய ஊர்களில் வெளிநாட்டுக்குப் பேச மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. கூண்டுகளே வழி. நிமிடத்துக்குப் பல பத்து ரூபாய் ஆனதால், கண்ணாடிக் கதவுக்குள் நிற்பவர் உறவினரின் குரலையும் ஓடும் மீட்டரையும் ஒருசேரக் கவனித்தே பேசினார். பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவரே அழைப்பார். இங்குள்ளவர் குறித்த நேரத்தில் தொலைபேசி உள்ள வீட்டில் காத்திருப்பார். 2002க்குப் பின் இணைய மையங்களில் தலையணி ஒலிவாங்கியுடன் பேசும் வசதி பரவியது. தொலைபேசிக் கம்பிவழி வந்த இணைப்பின் வேகம் ஏட்டளவில் 56 கிலோபிட்டு. மேலே கண்ட கணக்கின்படி ஓர் உரையாடலுக்கு இது போதும். பக்கத்துக் கணினியில் ஒருவர் படம் ஒன்றைத் திறந்தால் போதாது.

2016 செப்டம்பரில் சியோ சேவை தொடங்கியபின் தரவின் விலை வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாட்சப் செயலியில் முகம் பார்த்துப் பேசும் வசதியும் வந்தது. காத்திருக்கும் வழக்கம் அதன் பின்னரே மறைந்தது எனலாம்.

பரிந்துரைகளும் எதிர்ப்புகளும்

2008 ஆகத்தில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) உள்நாட்டு வரம்பை நீக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை. 2014 நவம்பர் 10 முதல் இசுகைப் தன் செயலியிலிருந்து இந்தியாவுக்குள் உள்ள தொலைபேசிகளுக்கு இந்தியப் பயனர்கள் அழைக்கும் வசதியை நிறுத்திக்கொண்டது.

அதே ஆண்டு திசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையவழிப் பேச்சுக்கான தரவுக்குத் தனிக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. மூன்றாம் தலைமுறை இணைப்பில் 10 கிலோபைட்டுக்கு 4 பைசா. மேலே கூறிய 24 கிலோபிட்டு வேகத்தில், இரு திசைக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு 360 கிலோபைட்டு ஆகும். கட்டணம் 1 ரூபாய் 44 பைசா. உள்ளூர் அழைப்பைவிட இணைய அழைப்பே விலை மிக்கதாகிவிடும். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

நிறுவனங்களின் வாதம் பின்வருமாறு: அலைக்கற்றைக்கும் கோபுரத்துக்கும் பணம் செலவிடுவது தாங்கள், உரிமக் கட்டணம் செலுத்துவதும், சட்டப்படி உரையாடலை இடைமறிக்க வசதி செய்து தருவதும் தாங்கள், அதே சேவையை எக்கடமையும் இன்றிச் செயலிகள் வழங்குகின்றன. பயனர்கள் இதற்குக் கூறிய மறுமொழி எளியது. தரவுக்கு அவர்கள் ஏற்கெனவே பணம் செலுத்துகின்றனர். அத்தரவைக் கொண்டு படம் பார்ப்பதா, பேசுவதா என்பது அவர்கள் விருப்பம். இவற்றுள் இடைமறிப்புக் கடமை பற்றிய வாதம் வலுவானது. வருவாய் பற்றியது அவ்வளவு வலுவானதன்று. நான்காம் தலைமுறை வலையமைப்பில் நிறுவனங்களின் சொந்தக் குரல் அழைப்பும் பொதிகளாகவே செல்கிறது. தொழில்நுட்பத்தில் இல்லாத வேறுபாட்டை உரிமம் மட்டுமே காத்து நிற்கிறது.

2015 மார்ச் 27 அன்று டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கைக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. அவற்றை அனுப்பியோரின் மின்னஞ்சல் முகவரிகளுடனேயே டிராய் தன் தளத்தில் வெளியிட்டது தனியே கண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு தொலைத்தொடர்புத் துறையின் குழு ஒன்று, செயலிவழி உள்நாட்டு அழைப்புகளை உரிமத்தின் கீழ் கொண்டுவரலாம் என்றும் வெளிநாட்டு அழைப்புகளை விட்டுவிடலாம் என்றும் கருதியது. வெளிநாட்டுக் குடும்பங்களைப் பொறுத்தவரை இது ஆறுதலான பிரிப்பு, ஏற்கப்படவில்லை. 2016 பெப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை வேறுபடுத்துவதற்கு டிராய் தடை விதித்தது.

2017 அக்டோபரில் டிராய் மீண்டும் அளித்த பரிந்துரையை ஒட்டி, 2018 இல் அரசு உரிம விதிகளைத் தெளிவுபடுத்தியது. அதன்படி உரிமம் பெற்ற நிறுவனம், எவருடைய இணைய இணைப்பிலிருந்தும் வழமையான தொலைபேசி எண்ணுடன் அழைப்பு வழங்கலாம். பி.எஸ்.என்.எல். அவ்வாண்டு சூலையில் விங்சு என்ற சேவையை அறிவித்தது. உரிமமற்ற செயலிகளைப் பற்றி 2020 இல் அப்போதைக்குத் தலையீடு தேவையில்லை என்றது டிராய். 2022 செப்டம்பரில் வெளியான சட்ட முன்வரைவு அவற்றைத் தொலைத்தொடர்புச் சேவை என்றே வரையறுத்தது. 2023 திசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் அச்சொற்கள் இல்லை. எனினும் அதன் வரையறைகள் விரிவானவை என்பதால் ஐயம் முற்றிலும் நீங்கவில்லை.

மறுமுனையின் விதிகள்

ஓர் அழைப்புக்கு இரு முனைகள் உண்டு. இந்திய விதி இடங்கொடுத்தாலும் மறுமுனையில் உள்ள நாடு தடுக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகள் வழியே மட்டும் பேசலாம். அங்குள்ள தொழிலாளர்கள் போட்டிம் போன்ற செயலிகளைப் பயன்படுத்துவது இதனால்தான். வாட்சப்பில் எழுத்தும் படமும் வரும், அழைப்பு மட்டும் இணையாது. ஊரில் உள்ளோர் இதைத் தம் கருவியின் பழுது எனக் கருதுவது உண்டு. தடையை மீற மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்திக் குற்றம் புரிவோருக்கு 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திராம் வரை அபராதம் விதிக்க 2016 இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் தடையைத் தளர்த்தியது. சிங்கப்பூரோ 2005 இலேயே இணையத் தொலைபேசிக்கென 3 இல் தொடங்கும் எட்டிலக்க எண்களை ஒதுக்கியது.

அவசர அழைப்பும் கஜா புயலும்

செயலிகளிலிருந்து 108, 112 போன்ற அவசர எண்களை அழைக்க இயலாது. அழைப்பவர் எங்கிருக்கிறார் என்பதை இணைய முகவரி உறுதியாகக் காட்டுவதில்லை. 2017 பரிந்துரையில் டிராய் இவ்வசதியைக் கட்டாயமாக்காமல், குறைபாட்டைப் பயனருக்குத் தெரிவித்தால் போதும் என்றது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் கந்தர்வக்கோட்டை உள்ளிட்ட புதுக்கோட்டை மாவட்டப் பகுதிகளைக் கடுமையாகத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, கோபுரங்கள் மின்சாரமின்றி ஓய்ந்தன, சிற்றூர்கள் பலவற்றில் நாட்கணக்கிலும் சிலவற்றில் வாரக்கணக்கிலும் மின்சாரம் இல்லை. பழைய கம்பிவழித் தொலைபேசி, இணைப்பகத்தின் 48 வோல்ட்டு மின்கலத்திலிருந்தே மின்சாரம் பெறுவது. வீட்டில் மின்சாரம் இல்லாவிடினும் கம்பி அறுபடாதவரை ஒலிக்கும். இணையத் தொலைபேசிக்குக் கருவி, திசைவி, கோபுரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேண்டும். புயலின்போது வெளிநாட்டில் இருந்தோர் பலருக்கு வீட்டாரின் நிலை தெரிய நாட்கள் ஆயின.

மோசடிகளும் சிம் பிணைப்பு ஆணையும்

2024 இல் காவல்துறையினர் போல் நடித்துச் செயலியில் முகம் காட்டிப் பேசிப் பணம் பறிக்கும் “எண்ணிமக் கைது” மோசடிகள் பெருகின. எந்தச் சட்டத்திலும் அவ்வாறான கைது கிடையாது. பணம் இழந்தோர் உடனடியாக 1930 என்ற எண்ணில் முறையிடலாம்.

இத்தகைய மோசடிகளைக் காரணம் காட்டி, 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. செய்திச் செயலிகள், பதிவு செய்யப்பட்ட சிம் அட்டை அக்கருவியில் இருந்தால் மட்டுமே இயங்குமாறு 90 நாட்களுக்குள் மாற்றப்பட வேண்டும் என்றும், கணினிவழிப் பயன்பாடு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டிக்கப்பட வேண்டும் என்றும் அது பணித்தது. வெளிநாட்டில் அமர்ந்து இந்திய எண்ணைப் பயன்படுத்தும் மோசடிக்காரரை இது தடுக்கும் என்பது அரசின் கருத்து. போலி ஆவணத்தில் சிம் வாங்குவோரை இது தடுக்காது என்பது விமர்சகர்களின் கருத்து.

இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுள் பலர் ஊரில் பெற்ற எண்ணிலேயே செயலியை வைத்துக்கொண்டு, கருவியில் வேலை செய்யும் நாட்டின் சிம்மைப் போட்டிருப்பர். குடும்பம், வங்கி, ஊர்க் குழுக்கள் எல்லாம் அறிந்தது அந்தப் பழைய எண்ணையே. ஆணையின்படி அவர்கள் இந்திய சிம்மையும் கருவியிலேயே வைத்து அதற்குக் காலந்தோறும் பணம் கட்டி உயிரோடு வைத்திருக்க வேண்டும். அல்லது புதிய எண்ணுக்கு மாறி, அது தம்முடையதுதான் என்று வீட்டில் உள்ள முதியோரை நம்பவைக்க வேண்டும். அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஏற்க வேண்டாம் என்று அதே முதியோருக்குத்தான் மோசடி எச்சரிக்கைகள் அறிவுறுத்தி வருகின்றன.