செயற்கைப் புல்தரை வடிகால்

செயற்கைப் புல்தரை வடிகால் என்பது, நெகிழியாலான புல்தரையின் மேல் விழும் மழைநீர் தேங்காமல் நிலத்துக்குள் இறங்குவதற்கோ வேறிடத்துக்கு வழிந்தோடுவதற்கோ அத்தரைக்குக் கீழே செய்யப்படும் அமைப்பைக் குறிக்கும். புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளில் இது சிறப்பான கவனம் பெறவேண்டியுள்ளது. கட்டிட வேலை நடந்த நிலம் இயல்பான தோட்ட மண்ணாக இருப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். களிமண் நிலம் பரவலாகக் காணப்படும் தென்கிழக்கு இங்கிலாந்தின் நடைமுறையே இங்கு பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மொன்சாண்டோ நிறுவனம் உருவாக்கிய செயற்கைப் புல், 1964 ஆம் ஆண்டில் ரோட் தீவு மாநிலத்திலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் நிறுவப்பட்டது. 1965 இல் திறக்கப்பட்ட ஹியூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் முதலில் இயற்கைப் புல்லே இருந்தது. ஒளிபுகும் கூரையின் கூச்சத்தால் பந்தைப் பார்க்க முடியவில்லை என ஆட்டக்காரர்கள் முறையிட்டதால் கூரைக்கு வண்ணம் பூசப்பட்டது. ஒளியின்றிப் புல் மடிந்தது. 1966 இல் அங்கே செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. "ஆஸ்ட்ரோடர்ஃப்" என்னும் பெயர் அவ்வரங்கினால் வந்ததே. இவ்வாறு, மழையே விழாத இடத்தில் புகழ்பெற்ற பொருள் இது என்பது குறிப்பிடத்தக்கது.

நீர் செல்லும் வழி

செயற்கைப் புல்லின் இழைகள் பொதுவாகப் பாலிஎத்திலீனால் ஆனவை. அவை ஒரு விரிப்பில் தைக்கப்பட்டு, அதன் பின்புறத்தில் லேடெக்ஸ் அல்லது பாலியூரிதேன் பூசப்படுகின்றது. இப்பூச்சு நீரை விடாது. எனவே அதில் ஏறத்தாழ 10 சமீ இடைவெளியில் துளைகள் இடப்படுகின்றன. விற்பனையாளர்கள் குறிப்பிடும் வடிதிறன் இத்துளைகளினுடையதே. அதன் கீழுள்ள நிலத்தைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. தேங்கும் நீருக்குப் புல்லைக் குறைகூறுவோர் பெரும்பாலும் தவறான இடத்தில் காரணத்தைத் தேடுகின்றனர்.

புதிய வீட்டின் நிலம்

கட்டிட வேலையின்போது கனரக ஊர்திகள் ஓடுவதால் மண் இறுகி, அதிலுள்ள நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. உடைந்த செங்கல், சாந்துக் கட்டிகள் முதலியவை புதைக்கப்பட்டு, அவற்றின் மேல் மெல்லிய மேல்மண் பரப்பப்பட்டிருப்பதும் உண்டு. அத்திவாரச் சுவரை ஒட்டித் திரும்ப நிரப்பப்பட்ட மண்ணோ, இதற்கு மாறாக, ஓரிரு மழைக்காலங்கள் வரை அமிழ்ந்துகொண்டே இருக்கும். குடிபுகுந்த உடனேயே புல் விரித்தால், ஓராண்டில் சுவரோரம் பள்ளம் தோன்றி, நீர் வீட்டை நோக்கித் திரும்பக்கூடும். காத்திருக்க இயலாதவிடத்து, இப்பகுதியைத் தோண்டிப் படைபடையாக நிரப்பி இறுக்கவேண்டும்.

நிலத்தின் உறிஞ்சுதிறனை எளிதாகச் சோதிக்கலாம். 30 சமீ நீளம், அகலம், ஆழம் கொண்ட குழியொன்றை நீரால் நிரப்பி ஓர் இரவு விட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, நீர் இறங்கும் நேரத்தைக் கணிக்கவேண்டும். குழி பாதியளவு வடியவே பல மணிநேரம் ஆகுமானால், அந்நிலத்தை மட்டும் நம்பிப் புல் விரிப்பது பொருந்தாது.

அடித்தளம்

மேல்மண் 10 முதல் 15 சமீ வரை அகற்றப்பட்டு, வீட்டிலிருந்து விலகிச் செல்லும் சரிவு அமைக்கப்படுகின்றது. 80 இல் 1 என்னும் சரிவு கண்ணுக்குத் தெரியாது. நீருக்கு அது போதும். இதன்மேல், மண்ணும் கல்லும் கலவாதிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, உடைகல் பரப்பி, அதிர்வு இயந்திரத்தால் இறுக்குகின்றனர்.

கல்லின் தெரிவே இங்கு முதன்மையானது. பிரித்தானியாவில் சாலை அடித்தளத்துக்கு வழங்கும் "முதல்வகை" உடைகல்லில் தூளும் கலந்திருக்கும். அது நன்றாக இறுகும். இறுகியபின் நீரை எளிதில் விடாது. தூள் குறைந்த "மூன்றாம்வகை" கல் இடைவெளிகளை விட்டு இறுகுவதால் வடிகாலுக்கு ஏற்றது. ஒப்பந்தக்காரர் பலர் முதல்வகையையே கொண்டுவருவதால், கல் இறக்கப்படும் முன்னரே இதனைக் கேட்டறிவது நன்று. மட்டப்படுத்த மேலே இடும் படையிலும் இதே சிக்கல் உண்டு. நுண்ணிய சுண்ணக்கல் தூள் நனைந்து இறுகிவிடும். கருங்கல் குறுமணல் அவ்வாறு இறுகுவதில்லை.

50 சதுர மீட்டர் தோட்டத்தில் 20 மிமீ மழை பெய்தால் 1,000 லீட்டர் நீர் விழுகின்றது. 10 சமீ தடிப்புள்ள மூன்றாம்வகைக் கற்படையில் 30 விழுக்காடு இடைவெளி எனக் கொண்டால், அது 1,500 லீட்டரைத் தாங்கும். ஆனால் கீழே களிமண் இருந்தால் நீர் வெளியேறாது. தோண்டிய பள்ளம் தொட்டிபோல் ஆகி, அடுத்த மழையில் நிரம்பிவிடும்.

நீர் வெளியேற்றம்

இத்தகைய நிலத்தில், தாழ்ந்த ஓரத்தில் அகழி வெட்டி, துளையிட்ட குழாயைச் சரளைக்குள் பதித்து, துணியால் சுற்றுவர். அகழி அடைபடாமல் இருக்க இத்துணி இன்றியமையாதது. குழாய் நீரை உறிஞ்சுகுழிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ கொண்டுசெல்லும். இங்கிலாந்தின் கட்டிட விதிகளுக்கான வழிகாட்டி, உறிஞ்சுகுழி கட்டிடத்திலிருந்து 5 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்கவேண்டும் என்கின்றது. களிமண் ஆழமாக இருப்பின் உறிஞ்சுகுழியும் பயன்தராது. அப்போது மழைநீர் வடிகாலே வழி. கழிவுநீர்க் குழாயில் இணைத்தலோ அயலார் நிலத்துக்குத் திருப்பிவிடுதலோ கூடாது.

சுவரோரத்தில் முடிவுற்ற புல்மட்டம், சுவரின் ஈரத்தடுப்புப் படைக்கு 15 சமீயாவது கீழே இருக்கவேண்டும். உயர்ந்தால் ஈரம் அப்படையைத் தாண்டிச் சுவரில் ஏறும். காற்றோட்டச் செங்கற்களையும் ஆளிறங்கு குழிகளின் மூடிகளையும் புல்லால் மூடிவிடுவது அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

பிற சிக்கல்கள்

வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுடைய இரட்டைக் கண்ணாடிச் சாளரங்கள் புதிய வீடுகளில் வழமையாகிவிட்டன. இவை சில வேளைகளில் சற்றே குழிந்து, வெயிலை ஓரிடத்தில் குவித்துத் தெறிப்பதால் புல்லிழைகள் உருகுவதுண்டு. நாய் வளர்க்கும் வீடுகளில், வடியாத அடித்தளத்தில் சிறுநீர் தங்கி நாற்றமெடுக்கும். மேலிருந்து கழுவுவது இதனைத் தீர்க்காது.

மழைநீர் கீழே இறங்கினாலும், மண்ணுயிர்களுக்கும் பூச்சிகளுக்கும் இத்தரை இடமளிப்பதில்லை. நெகிழித் துகள்களும் உதிர்கின்றன. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2022 ஆம் ஆண்டில் தனது கண்காட்சிகளில் செயற்கைப் புல்லைத் தடைசெய்தது.