கும்பகர்ண நித்திரை

கும்பகர்ணன் ஆறு மாதம் உறங்கிய கதையை நம்மில் அறியாதார் இலர். சோம்பேறியைக் கண்டால் அவன் பெயரிட்டு ஏசுவதும் நம்மவர் வழக்கம். ஆனால் பனி தேசங்களில் மெய்யாகவே ஆறேழு மாதம் கண்மூடிக் கிடக்கும் பிராணிகளின் விருத்தாந்தத்தை ஆராயுங்கால், இவ்வேச்சு நியாயமன்று என்பது புலனாகும். அவை செய்வது சோம்பலுமன்று. சரியாகச் சொன்னால் உறக்கமுமன்று. அது கடுஞ் சிக்கனம்.

அலாஸ்காவின் வடபகுதியில் தரையில் வளை தோண்டி வாழும் அணில் ஒன்று உண்டு. கோடையில் தின்று கொழுத்து, வளைக்குள் புகுந்து சுருண்டுகொண்டால், ஏழெட்டு மாதம் அது வெளியே தலைகாட்டாது. அதன் தேக உஷ்ணம் நீர் உறையும் நிலைக்கும் கீழே, பூஜ்யத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி சென்டிகிரேட் தாழ்ந்துவிடுவதாக 1989-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அப்போதும் இரத்தம் உறைவதில்லை! இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, அப்பிராணி சேமித்த கொழுப்பை எரித்துச் சூடேறி, ஒரு நாளுக்கும் குறைவாக அந்நிலையில் இருந்து, மறுபடியும் குளிர்ந்துபோகிறது. இவ்வாறு உறங்கும் சிறு பிராணிகள் பலவற்றில், குளிர்காலத்துக்கென வைத்த கொழுப்பின் பெரும்பகுதி இச்சில விழிப்புகளுக்கே செலவாகிறது.

கரடியை இக்கூட்டத்தில் சேர்ப்பதா என்பது பண்டிதர்களிடையே நெடுநாளைய வழக்கு. அதன் உஷ்ணம் சில டிகிரிகளே குறைகிறது; எனினும் மாதக்கணக்கில் அன்ன ஆகாரமின்றிக் கிடக்கிறது. நமது தீர்ப்பு கரடியின் பக்கமே.

நிற்க. விழிப்பு எவ்வளவு விலையுள்ளது என்பதை வட அமெரிக்க வௌவால்கள் உயிரைக் கொடுத்து உணர்த்தியுள்ளன. 2006-ம் ஆண்டில், நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகருக்கு அண்மையிலுள்ள ஒரு குகையில், மூக்கில் வெண்பூஞ்சணம் படர்ந்த வௌவால்கள் காணப்பட்டன. இப்பூஞ்சணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது நிபுணர் கருத்து. அங்குள்ள வௌவால்கள் அதனுடன் பழகி வாழ்கின்றன. ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களால் அமெரிக்கப் பழங்குடிகள் மாண்ட சரித்திரம் நேயர்கள் அறிந்ததே. வௌவால்களுக்கும் அக்கதி நேர்ந்தது.

நோயின் செயல் வெகு எளிது. தோலைத் தின்னும் பூஞ்சணம் அவற்றை அடிக்கடி எழுப்பிவிடுகிறது. பத்து கிராம் எடையும் தேறாத அப்பிராணியிடம் உள்ள கொழுப்போ இரண்டொரு கிராம். வசந்தம் வருமுன் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. பசி தாளாமல் நடுப்பனியில் பூச்சி தேடிப் பறந்து, குகை வாயிலிலேயே விழுந்து மடிகின்றன. 2012-ம் ஆண்டுக்குள் 57 லட்சத்துக்குக் குறையாத வௌவால்கள் மாண்டதாக அந்நாட்டு வனஜந்து இலாகா மதிப்பிட்டது. கும்பகர்ணனும் உரிய காலத்துக்கு முன் எழுப்பப்பட்டுத்தானே போர்க்களத்தில் வீழ்ந்தான்!

வயல்களில் பூச்சியைத் தின்று குடியானவனுக்கு உதவிய ஜீவன்கள் இவை. பல குகைகளை அங்குள்ள அதிகாரிகள் மனிதர் புகாவண்ணம் மூடினர். விளக்குடன் வேடிக்கை பார்க்க நுழைபவனும் ஒரு விழிப்புக்குக் காரணமாகிறான் அல்லவா? தப்பிப் பிழைத்த தாய் வௌவால் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும்.