ஒன்பது பக்கங்களில் ஒரு விடை

பன்னிரண்டு நெல்லிக்காய்களை மூன்று வரிசைகளில் நந்நான்காக அடுக்கலாம். பதின்மூன்றை அவ்வாறு அடுக்க இயலாது. ஒரே வரிசையாகத்தான் வைக்க வேண்டும். இத்தகைய எண்ணைப் பகா எண் என்பர். ஓர் எண் பகா எண்தானா என்று அறிவது சிறுவர் கணக்குப் போலத் தோன்றும். ஆயினும், நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணைச் சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால், மிக விரைவான கணிப்பொறிக்கும் ஊழிக்காலம் போதாது. செய்திகளைப் பிறர் அறியாமல் அனுப்பும் மறைமொழி முறைகள் சில பெரிய பகா எண்களைக் கொண்டே இயங்குவதால், இது வெறும் விளையாட்டன்று.

விரைவான வழிகள் முன்பே இருந்தன. ஆனால் 1976-இல் மில்லர் வகுத்த முறை, இன்றளவும் மெய்ப்பிக்கப்படாத கருதுகோள் ஒன்றைச் சார்ந்திருந்தது. ராபின் அதனை மாற்றி, தற்செயலாக எடுத்த சில எண்களைக் கொண்டு சோதித்தார். பிழை நேரும் வாய்ப்பு மிகச் சிறிது. எனினும் அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை.

2002 ஆகஸ்டில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அங்கே இளநிலைப் பட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் குறையற்ற விடையை வெளியிட்டனர். கட்டுரை ஒன்பதே பக்கம்!

அவர்கள் பழைய உண்மை ஒன்றிலிருந்து தொடங்கினர். (1 + அ) என்னும் கோவையை ஐந்து முறை எழுதிப் பெருக்கினால், உறுப்புகளின் கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1 என அமையும். இரு முனைகளை நீக்கினால், எஞ்சியவை யாவும் 5-ஆல் வகுபடும். நான்கு முறை பெருக்கினால் 1, 4, 6, 4, 1 என வரும். நடுவிலுள்ள 6, நான்கால் வகுபடாது. ஐந்து பகா எண், நான்கு அன்று. பெரிய எண்ணுக்கோ இவ்விரிவை எழுதி மாளாது. ஆகவே, தகுந்த சிறிய கோவையால் வகுத்து, வரும் மீதியை மட்டும் சில முறை சோதித்தாலே போதும் என்று நிறுவினர். விட்டுவிடத்தக்கது எது என்று கண்டதிலேயே அவர்தம் நுட்பம் விளங்குகிறது.

இவ்வெளிமையால் விளைந்த பயன் யாது? அமெரிக்க எண்கணித அறிஞர் கார்ல் பொமரன்ஸ், கட்டுரை கிடைத்த அன்றே அதனைச் சரிபார்த்து, பிற்பகலிலேயே தம் தோழர்களுக்கு விளக்கினார். நிறுவலில் ஓரிடத்தில் மட்டும் ஆழ்ந்த எண்கோட்பாட்டு முடிவொன்று துணை நின்றது. ஹென்றிக் லென்ஸ்ட்ரா அதனையும் வேண்டாததாக்கினார். 2004-இல் அச்சேறிய வடிவம் முன்னதினும் எளியது. 2006-இல் மூவரும் கோடெல் பரிசு பெற்றனர்.

எளிய நிறுவல் விரைவான கருவியாகவும் அமையும் என்று கருதலாகாது. நடைமுறையில் இன்றும் மில்லர்-ராபின் முறையே விரைவு மிக்கது. பெரிதும் கையாளப்படுவதும் அதுவே. ஆயினும், ஐயத்திற்கிடமின்றி விரைவில் விடை காணக்கூடுமா என்ற நெடுநாள் வினா தீர்ந்தது. ஒரு நாளில் பிறர் சரிபார்க்கக்கூடிய முடிவை, மறுநாளே அவர்கள் செம்மைப்படுத்தவும் கூடும். ஆராய்ச்சியில் எளிமையைப் போற்றுவது இதற்காகவே.