ஓரிக்கை வகுப்பறைக்குள்ள அண்டார்டிகா வருமா? ஒரு குல்ஃபி பானை போதும்!

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றுப் பக்கமா இருக்கிற ஊர் ஓரிக்கை. வெயில் காலத்துல பத்து மணிக்கே மண்டை காயும். இங்கிருந்து அண்டார்டிகாவில் இருக்கும் இந்தியாவின் 'மைத்ரி' நிலையம் 10,000 கிலோமீட்டருக்கும் மேல். 'கடலே இல்லாத ஊர்ல துருவத்தைப் பத்திப் படிச்சு என்ன ஆகப்போகுது?'னு ஒரு மாணவர் கேட்டா, அது நியாயமான கேள்விதான். அதற்கு ஓர் அறிவியல் ஆசிரியர் பாடப்புத்தகத்தைத் தாண்டி எப்படிப் பதில் சொல்லலாம்னு பார்ப்போமா?

ஆசிரியர்களே பனிக்குப் போன கதை

அமெரிக்காவில் 2007-ல் 'போலார்ட்ரெக்' என்ற திட்டம் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்களைத் துருவ ஆய்வாளர்களோடு சேர்த்து, சில வாரங்களுக்கு ஆர்க்டிக் அல்லது அண்டார்டிகாவுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்கள் அங்கே வேடிக்கை பார்க்கவில்லை. ஆய்வாளர்களோடு சேர்ந்து அளவெடுத்தார்கள், மாதிரிகள் சேகரித்தார்கள், அங்கிருந்தே மாணவர்களோடு பேசினார்கள்.

நம்ம ஊர் ஆசிரியருக்கு அந்த டிக்கெட் கிடைக்கணும்னு அவசியம் இல்லை. சொல்வதற்கு நம்மகிட்டயே கதைகள் நிறைய இருக்கு.

நம்ம ஆட்கள், நம்ம நிலையங்கள்

இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணம் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பியது. அடுத்து வந்த பயணங்களில் 'தட்சிண் கங்கோத்ரி' நிலையம் உருவானது. அதைக் கட்டிய இடம் பனித்தட்டு. வருஷா வருஷம் விழுந்த பனி கட்டடத்தையே மூடிவிட்டது! 1990-ல் அது கைவிடப்பட்டது. அதிலிருந்து கற்ற பாடம்தான் பாறைத்தரை மேல் நிற்கும் 'மைத்ரி' (1989). 2012-ல் வந்த 'பாரதி'யைக் கப்பல் கன்டெய்னர்கள் 134-ஐ இணைத்தே கட்டினார்கள்.

இஸ்ரோ விஞ்ஞானி மங்களா மணி, 50 வயதைத் தாண்டிய பிறகு 'பாரதி'க்குப் போய் 403 நாட்கள் தங்கினார். அந்த அணியில் இருந்த ஒரே பெண் அவர்தான். அண்டார்டிகாவில் குளிர்கால அணிக்குத் தலைமை தாங்கிய கர்னல் கணேசன், அங்கிருந்து கொண்டுவந்த பாறைகளைத் திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரில் வைத்திருக்கிறார். இன்னும் பக்கத்துல வேணுமா? 2014-ல் ஆர்க்டிக் கடலுக்குள் இறக்கப்பட்ட 'இண்டார்க்' என்ற கண்காணிப்புக் கருவித் தொகுப்பின் உருவாக்கத்தில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

கதை சொல்லியாச்சு. இனி கையில் ஐஸை எடுப்போம்.

1. குல்ஃபி பானை ரகசியம்

குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பையும் போடுவார், கவனிச்சிருக்கீங்களா? உப்பு சேர்ந்தால் நீர் உறையும் வெப்பநிலை இறங்கிடும். கடல்நீர் 0 டிகிரியில் உறையாமல், சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறைவதற்கும் இதுதான் காரணம். ஒரு டம்ளரில் சாதா நீர், இன்னொன்றில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு கலந்த நீர். இரண்டையும் ஃப்ரீசரில் வைத்து, எது முதலில் உறையுதுனு மாணவர்களையே குறிக்கச் சொல்லலாம்.

2. எந்த ஐஸ் கடலை உயர்த்தும்?

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நீரில் மிதக்கும் ஐஸ். இன்னொன்றில், நீருக்கு மேலே தலைநீட்டும் ஒரு கல், அதன்மேல் ஐஸ். நீர்மட்டத்தைப் பேனாவால் குறிச்சு வையுங்க. முதல் டம்ளரில் ஐஸ் உருகினாலும் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரண்டாவதில் ஏறிடும்.

ஆர்க்டிக் கடலில் மிதப்பது முதல் டம்ளர். அண்டார்டிகா நிலத்தின் மேல் கிடப்பது இரண்டாவது. அந்தப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கும் மேல் ஆகும். ஆனால், சில அடி உயர்ந்தாலே சென்னை, நாகப்பட்டினம் கடற்கரைகள் என்ன ஆகும்? 'நமக்கென்ன?' என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைச்சிடும்.

3. பனியைப் 'படிக்கலாம்' வாங்க

பாலாற்றில் பள்ளம் தோண்டினால் மணல் அடுக்கடுக்காகத் தெரியும். துருவப் பனியும் அப்படித்தான், ஒவ்வொரு வருஷப் பனியும் ஓர் அடுக்கு. அண்டார்டிகாவின் 'டோம் சி'யில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 3 கிலோமீட்டருக்கும் கீழே துளையிட்டு எடுத்த பனித்தண்டு, 8 லட்சம் வருஷக் கதையைச் சொல்கிறது. அதில் சிக்கிய காற்றுக் குமிழ்களில் கார்பன் டை ஆக்ஸைடு 10 லட்சத்துக்கு சுமார் 300 பங்கைத் தாண்டவே இல்லை. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது.

ஆசிரியர் வீட்டில், உயரமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தினம் ஒரு நிற நீரை ஊற்றி உறைய வைக்கலாம். ஒருநாள் மட்டும் கொஞ்சம் சாம்பல் தூவணும், அது எரிமலை வெடித்த வருஷம்! தெர்மாகோல் பெட்டியில் எடுத்துப்போய் முதல் பீரியடிலேயே நடத்திடுங்க. மதியம் வரை வைத்தால் வரலாறு முழுக்கத் தண்ணியாகிடும்.

4. கறுப்புத் துணி, வெள்ளைத் துணி

தறி இருக்கும் ஊரில் துண்டுத் துணிக்குப் பஞ்சமா? ஒரே ரகத்தில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெப்பமானி வைத்து, அரை மணி நேரம் வெயிலில் விடுங்க. புதுப்பனி, தன்மேல் விழும் வெயிலில் 80 சதவிகிதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். கருநிறக் கடலோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் பனி உருக உருக, கடல் இன்னும் வேகமாகச் சூடாகிறது.

கடைசியா ஒரு நோட்டு

இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரு நாள் உற்சாகம். கள ஆய்வு என்பது வேற. 'மைத்ரி'யில் சுமார் 2 மாதம் சூரியனே உதிக்காது. அப்போதும் வானிலை அளவுகளைக் குறித்த நேரத்தில் எடுத்தே ஆகணும். ஒருநாள் விட்டாலும் அந்த நாள் திரும்பக் கிடைக்காது.

அதனால், வகுப்பில் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் போதும். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், முறை வைத்து ஒரு மாணவர். எடுக்க மறந்த நாளில் குத்துமதிப்பா ஒரு எண்ணைப் போடக்கூடாது, 'எடுக்கவில்லை' என்றே எழுதணும். மார்க்குக்காகச் சரியான விடையை எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதுசு. ஆனால், விஞ்ஞானி ஆவதற்கான முதல் தகுதியே அந்த நேர்மைதான். ஒரு வருஷம் முடிந்ததும், ஓரிக்கையின் வெயிலைப் பற்றி அந்த வகுப்பிடம் சொந்தமாக ஓர் ஆவணம் இருக்கும். அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்து எழுத முடியாது.